வெடிப்பில் விழுந்த நூறு ரூபாய்

அந்த அம்மாவுக்குப் பேரம் பேசத் தெரியாது. கடைக்காரர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிடுவார். பொருளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் அவருடைய வேலை ஆரம்பிக்கும். கால் கிலோ கத்தரிக்காயில் ஒன்று சொத்தை என்றால் அந்த ஒன்றை மட்டும் தராசில் தனியாக வைத்து நிறுக்கச் சொல்லி, அந்த எடைக்குக் காசைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். வேறு காய் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். "வேற காய் எனக்கு வேண்டாம். இந்தக் காய்க்குக் காசு இல்ல, அவ்வளவுதான்."

ஒருமுறை திருநெல்வேலியிலிருந்து நாங்களும் அவரும் ஒரே ரயிலில் திரும்பினோம். கடம்பூரில் ஜன்னல் வழியாக ஐந்து போளி வாங்கினார். வண்டி நகர்ந்த பிறகு பிரித்தால் ஒன்றில் பூரணமே இல்லை, வெறும் மாவு. நாங்களாக இருந்தால் திட்டிவிட்டுத் தின்றிருப்போம். அவர் அந்த ஆளின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அதே ஜன்னல், அதே ஆள். ஐந்து போளி வாங்கி நான்குக்குக் காசு கொடுத்தார், காரணமும் சொன்னார். அந்த ஆள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எம்மா, இந்தக் கணக்கெல்லாம் ரயிலுக்கு ரயில் நான் ஞாபகம் வச்சுக்கிட முடியுமா?"

"நீங்க வைக்க வேண்டாம். நான் வச்சிருக்கேன்."

இன்னொரு தடவை தவறுதலாக ஆறு வந்துவிட்டது. அதற்கும் அடுத்த பயணத்தில் காசு போனது. இதை மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அவரைக் கஞ்சம் என்று எங்கள் கட்டடத்தில் பேசியவர்கள் இந்த ஆறாவது போளியைப் பற்றிப் பேசுவதில்லை.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தார். டிரங்க் கால் போட்டுக் காத்திருப்பது இன்னும் முழுதாகப் போகாத காலம் அது. மூன்று நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். லைன் கொரகொரத்து, பேச்சு காதில் விழவில்லை என்று ஆள் சொன்னால் அந்த மூன்று நிமிடத்தை அவர் சீட்டில் ஏற்ற மாட்டார் என்று பஜாரில் சொல்வார்கள். எங்கள் கட்டடத்தில் அவருக்கு ‘எக்ஸ்சேஞ்ச் அம்மா’ என்று பெயர். கல்யாணம் ஆகவில்லை. நாற்பது வயதிருக்கும். கூட ஒரு தம்பி. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவனுக்கு ஒரு கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோல் ஊன்றி நடப்பான். பஜாரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான்.

இரண்டாவது மாடியில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு நாங்கள். நான் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் கிளார்க். தீப்பெட்டிப் பண்டல்களை எண்ணி எண்ணி வேகனில் ஏற்றி, வீட்டுக்கு வந்தும் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பவன் என்று என் மனைவி குறைப்படுவாள். அவளே ஒரு நாள், "ஒங்களுக்கு மேல ஒரு ஆள் வந்திருக்கு" என்றாள். தீபாவளிக்கு அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதே கிண்ணத்தில் சீனி நிரப்பி, அவளை வாசலில் நிற்க வைத்தே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டு நாள் கழிச்சுக் குடுத்தா என்ன? இது பழக்கமா, பண்டமாத்தா?" என்று அன்று முழுக்கப் புலம்பினாள். யாரும் அவருக்குத் தாராளமாக ஒன்றைச் செய்துவிட முடியாது. அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே நாலு, முதல் மாடியில் நாலு, இரண்டாவது மாடியில் நாலு, ஆகப் பன்னிரண்டு வீடு. கட்டடத்துக்கு ஆழமாக நல்ல கடைக்கால் போட்டிருந்தார்கள். மாடிப்படி மட்டும் பிறகு யோசித்துச் சேர்த்தது. பக்கவாட்டில், கரிசல் மண்ணில் இடுப்பளவு தோண்டி எழுப்பிவிட்டார்கள். கரிசல் சும்மா இருக்கும் மண்ணா? மாசி பிறந்தால் வாய் பிளக்க ஆரம்பிக்கும். சித்திரை வைகாசியில் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி மழைக்கு ஊறி உப்பி மூடிக்கொள்ளும். மண்ணோடு சேர்ந்து மாடிப்படியும் வெயிலில் கட்டடத்தை விட்டு விலகிச் சாயும், மழையில் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் மாடியில் இடைவெளி கொஞ்சம். எங்கள் மாடியில் அதிகம். குனிந்து பார்த்தால் கீழே சாக்கடை தெரியும். படியில் பல்பும் கிடையாது. ஒரு கையில் தண்ணீர்க் குடத்தோடு ஏறி, கடைசிப் படியிலிருந்து எங்கள் தளத்துக்குக் காலை எட்டி வைக்கும்போது, நான் எத்தனை கடவுளைக் கூப்பிட்டேன் என்று அவர்களுக்கே தெரியும்.

வீட்டுச் சொந்தக்காரருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றும் பஜாரில் வத்தல் கடை ஒன்றும் இருந்தன. எல்லாருக்கும் அண்ணாச்சி. கெட்ட மனிதர் இல்லை. பஜாரில் யார் வீட்டுக் காரியமானாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். வாடகையைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், நானூற்றைம்பது ரூபாய். கட்டடத்தின் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சித்திரையில் தம்பியின் ஊன்றுகோல் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிட்டது. கோல் உள்ளே மாட்டிக்கொண்டு ஆள் முன்னால் போய் விழுந்தான். வாசல் நிலையில் வாய் மோதி முன்பல் ஒன்று போயிற்று. நல்ல வேளையாக ஏறி வரும்போது நடந்தது. இறங்கும்போது என்றால் மொத்தப் படியிலும் உருண்டிருப்பான். அந்த அம்மா அழவில்லை. இரத்தத்தைத் துடைத்தார். மாட்டிக்கொண்ட ஊன்றுகோலை ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தார். அதன் அடியில் இருந்த ரப்பர் குமிழையும் இடைவெளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் நானும் அவரோடு வத்தல் கடைக்குப் போனேன். எனக்குப் பல்பு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டார். "பையனுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? டாக்டருகிட்ட காட்டுனியளா?" என்றார். பிறகு, "நான் என்னம்மா செய்ய? கரிசல் மண்ணு. வெயிலுக்கு வெடிக்கும், மழைக்குச் சேரும். மண்ணு செய்யுத வேலைக்கு நான் பொறுப்பா?" என்றார்.

"சரிதான் அண்ணாச்சி. அப்ப வாடகையும் கரிசல்தான். வெயிலுக்கு வெடிக்கும், மழைக்குச் சேரும்."

அண்ணாச்சி சிரித்தார். கணக்குப்பிள்ளையும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பல்பைப் பற்றி நான் சொன்னதற்கு, "மாட்டுனா களவாண்டுட்டுப் போயிருதானுவ சார்" என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அந்த அம்மா ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து வந்து மாடிப்படியும் தளமும் சேரும் இடத்தில் குந்தினார். அண்ணாச்சி கம்பெனிப் பெட்டிதான். அதன் கனம் குறுக்கே வரும்படி கிடையாக இடைவெளியில் வைத்தார், உள்ளே போனது. அகலம் குறுக்கே வரும்படி குத்தாக வைத்தார், அதுவும் போனது. நீளவாக்கில் வைத்தபோதுதான் பிடித்து நின்றது.

"என்னம்மா செய்யுதீங்க?" என்றேன்.

"வாடகை போடுதேன் சார். நானூத்தம்பது ரூவா இந்த ரெண்டு ரூமுக்கு மட்டுமா? படி, தண்ணித்தொட்டி, மொட்டை மாடி எல்லாஞ் சேத்துத்தான வாங்குதாக. பொதுவுல கெடக்கதால அதுக்கு வெல இல்லன்னு ஆயிருமா? படிக்கு நூறுன்னு வைங்க. பெட்டி கிடையாப் போனா அரைப் படிதான் இருக்கு, அம்பதக் கழிக்கணும். குத்தாப் போனா தம்பி கோலும் போயிரும். அப்ப படியே இல்ல. நூறு."

"நீளவாக்கில போனா?"

"நீளவாக்கில போனா, வாடகை குடுக்க நாம யாரும் இருக்க மாட்டோம் சார்."

அடுத்த மாத வாடகைக்கு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா நின்னாப் போதும்." கடை திறக்கிற நேரத்துக்குப் போனோம். வாசல் தெளித்து, சாம்பிராணி காட்டி, அண்ணாச்சி கல்லாவில் உட்காருகிறார். அப்போது முதலில் வருகிற காசு போணிக் காசு. அன்றைய வியாபாரம் முழுக்க அந்தக் காசின் ராசியில் நடக்கும். அதைக் குறை சொல்லவோ திருப்பிக் கொடுக்கவோ எந்த வியாபாரியும் துணிய மாட்டார்.

அந்த அம்மா நோட்டுகளை மடித்து இரண்டு கையாலும் நீட்டினார். அண்ணாச்சியும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு முன்னால் காட்டி, கல்லாவில் போட்டுவிட்டார். பிறகு, "வாடகைதானம்மா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. முந்நூத்தம்பது."

"நானூத்தம்பதுல்லா?"

"நூறு ரூவா வெடிப்புல விழுந்துட்டு."

அண்ணாச்சியின் கை கல்லாவுக்குள் போனது. நோட்டுகளை எடுத்தது. கணக்குப்பிள்ளை பக்கத்தில் வந்து, மெதுவாக என்று நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணாச்சி, போணிக் காசு" என்றார். கை அப்படியே நின்றது. அந்த அம்மா, அடுத்த ஆள் வந்து பார்க்கட்டும் என்பது போல, கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார். நோட்டுகள் திரும்பவும் கல்லாவுக்குள் போயின.

"ரசீது போடச் சொல்லுங்க அண்ணாச்சி. முந்நூத்தம்பதுன்னே போடச் சொல்லுங்க."

அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. படி வந்து தளத்தோடு ஒட்டிக்கொண்டது. அந்த அம்மா பெட்டியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தார். கிடையாகக்கூடப் போகவில்லை. மறு மாதம் நானூற்றைம்பதையும் முழுசாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதுவும் போணிக்குத்தான். அண்ணாச்சி நோட்டை எண்ணிவிட்டு, "என்னம்மா, மழை வந்துட்டு போலிருக்கு" என்றாராம்.

"வந்துட்டு அண்ணாச்சி."

கட்டடத்தில் முதலில் சிரித்தார்கள். வெடிப்புக்காரி என்று ஒரு பெயரும் வைத்தார்கள். அடுத்த மாசியில் படி மறுபடி நகர ஆரம்பித்ததும் முதல் மாடியிலிருந்து மூன்று வீட்டுக்காரர்கள், "எங்க வாசல்லயும் பெட்டி போட்டுப் பாருங்களேன்" என்று வந்தார்கள். அவர் போய்ப் பார்த்தார். பெட்டி கிடையாகக்கூடப் போகவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. முழு வாடகையைக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். சித்திரையில் அவரே போய் மறுபடி பார்த்து, "இப்ப அம்பது" என்றார். நடுவில் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் அவரோடு பேசவில்லை.

அண்ணாச்சியும் சும்மா இருக்கவில்லை. கடைச் சுமைகாரரை விடிகாலையிலேயே வரச் சொல்லி, ஒரு கட்டி உப்பு வாங்க வைத்துப் போணியை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த அந்த அம்மாவின் முந்நூற்றைம்பதைத் தொடவேயில்லை. "முழுசா இருந்தாக் குடு, இல்லாட்டா எடுத்துட்டுப் போ." அந்த அம்மா மணியார்டர் அனுப்பினார். அது திரும்பி வந்தது. ஒரு நாள் கொத்தனார் ஒருவர் வந்து, இடைவெளியில் சிமெண்டுக் கலவையை அப்பிப் பூசிவிட்டுப் போனார். கணக்குப்பிள்ளை வந்து பார்த்து, "இப்ப வெடிப்பு எங்கம்மா இருக்கு?" என்றார். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வெயிலில் படி இன்னும் விலகியது. பூசிய சிமெண்டு ஒரே கட்டியாகக் கழன்று கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வடகத்தின்மேல் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி, ஆவணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

இது விளையாட்டு இல்லை. அந்த அம்மா வேறு வீடு தேடிப் பார்த்தார். புருஷன் இல்லாத பெண், கால் வராத தம்பி, அதோடு அண்ணாச்சி காலி செய்யச் சொன்ன ஆள் என்றதும் பஜாரில் ஒருவரும் வீடு கொடுக்கவில்லை. தம்பியின் பூத் இருந்த இடம் அண்ணாச்சியின் மச்சானுடையது. அவரும் ஒரு மாதிரிப் பேசத் தொடங்கியிருந்தார். ஒரு சாயங்காலம் எதிர்வீட்டில் பேசுவது எங்கள் வாசல் வரை கேட்டது.

"அக்கா, நூறு ரூவாதான. குடுத்துருவோம். பூத்தும் போயிட்டா சோத்துக்கு என்ன செய்ய?"

"குடுத்தா வெடிப்பு மூடிருமா?"

"மூடாது."

"பொறவு எதுக்குக் குடுக்க?"

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சியே வந்தார். கூடக் கணக்குப்பிள்ளை, இரண்டு சுமைகாரர்கள். சாமான்களை இறக்கி வைக்கத்தான் ஆட்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. யாரும் வெளியே வரவில்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி கனத்த உடம்பு. நின்று நின்று ஏறி வந்தார். கடைசிப் படிக்கு வந்ததும் கீழே பார்த்தார். எனக்குத் தெரிந்து அந்த இடைவெளியை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அந்த அம்மா தன் வாசலில் நின்றிருந்தார். கையில் நோட்டுகள்.

"முழு வாடகையா, வீட்டைக் காலி பண்ணுதியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

"முழு வாடகைதான் அண்ணாச்சி. மணியார்டர் திரும்பி வந்த மாசத்துக்கும் சேத்தே இருக்கு. வந்து வாங்கிக்கிடுங்க."

இவ்வளவு தூரம் நின்றுவிட்டுக் கடைசியில் கொடுத்துவிடப்போகிறாரா? அண்ணாச்சிக்கும் ஆச்சரியம். ஒரு காலைத் தூக்கி முன்னால் வைக்கப் போனார். உடம்பு பாரம் முழுவதும் மற்றக் காலுக்கு வந்ததும் படி லேசாக ஒரு அசைவு அசைந்தது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏலே, நீ போய் வாங்கிட்டு வா" என்று சுமைகாரர் ஒருவரிடம் சொன்னார்.

சுமைகாரர் குனிந்து பார்த்தார். நூறு கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆள். "நான் கீழ வண்டிகிட்ட நிக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

"ஆளெல்லாம் அனுப்ப வேண்டாம்" என்றார் அந்த அம்மா. "வீடு உங்களுது. படி உங்களுது. நீங்க வாங்க."

"கைய நீட்டுங்க அண்ணாச்சி, எட்டிரும்" என்றார் கணக்குப்பிள்ளை.

அந்த அம்மா ஒரு எட்டுப் பின்னால் போய்த் தன் வீட்டு நிலைப்படியில் நின்றுகொண்டார். "தம்பி ஒரு நாளைக்கு நாலு தடவ தாண்டுதான் அண்ணாச்சி. அதுவும் ஒத்தக் கால்ல. நீங்க ஒரு தடவ தாண்டுனாப் போதும். மண்ணுதான வெடிச்சிருக்கு? நீங்கதான் சொன்னிய."

அண்ணாச்சியின் முகம் வேர்த்திருந்தது. முதல் மாடிக்காரர்கள் படியில் ஏறிவந்து கீழிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது உள்ளேயிருந்து தம்பி வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் ஊன்றுகோலை இடைவெளிக்கு மேலாக அண்ணாச்சியை நோக்கி நீட்டினான்.

"இத ஊனிக்கிட்டு வாங்க அண்ணாச்சி. அடி ரப்பர் மட்டும் உள்ள எறங்காமப் பாத்துக்கிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அண்ணாச்சிக்குக் கோபம் வந்திருக்கும், தாண்டியும் வந்திருப்பார். ஒரு சத்தமும் இல்லாததால் அவர் அந்தக் கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே இறங்கினார்.

"சரி. முந்நூத்தம்பது வீதமே குடு."

அந்த அம்மா நோட்டுகளை எண்ணி, கழிக்க வேண்டியதைக் கழித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மீதியை எடுத்துக்கொண்டு தானே இடைவெளியைத் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்தார். "ரசீது" என்றார். கணக்குப்பிள்ளை காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதினார். எழுதி முடிப்பதற்குள் என் மனைவி உள்ளே போய் எங்கள் வாடகையை எடுத்துவந்து, "இவியளுதும் முந்நூத்தம்பது" என்று நீட்டினாள். நான் அவளிடம் சொல்லவும் இல்லை, அவளைத் தடுக்கவும் இல்லை. அண்ணாச்சி அன்று இறங்கிப் போகும்போது, அவர் கடந்துபோன வீடுகளில் எல்லாம் கையில் நோட்டோடு ஆள் நின்றது. எட்டு வீட்டு வாடகையும் கழிவு போகத்தான் வசூலாயிற்று.

காலி செய்கிற பேச்சு அதோடு போயிற்று. ஆனால் பத்து நாளில் கணக்குப்பிள்ளை மட்டும் வந்து அந்த அம்மாவிடம் பேசினார். தரைத்தளத்தில் ஓர வீடு காலியாகிறது. நானூறு ரூபாய்க்கே தருகிறார்கள். தம்பிக்குப் படியே ஏற வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. மேலே இருக்கிறவர்கள் வாடகை விஷயத்தில் இனிமேல் அவர் தலையிடக் கூடாது, பெட்டியும் கையுமாக அலையக் கூடாது.

தம்பியின் முகம் மலர்ந்ததை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன்.

"வேண்டாம்" என்றார் அந்த அம்மா.

"ஏம்மா, ஒந்தம்பிக்காகத்தான குதிச்ச?"

"அவனுக்காக ஆரம்பிச்சேன். இப்ப எட்டு வீட்டு நூறும் அம்பதும் அந்த வெடிப்புக்குள்ள கெடக்கு. எனக்கு மட்டும் கீழ ஒரு கதவத் தெறந்துவிட்டா, மேல உள்ளவுகளுக்குப் படி வந்துருமா?"

அதற்காக அவரை மெச்சிக்கொள்ள என்னால் முடியவில்லை. தம்பி இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தான். என்னிடம், "எங்கக்காவுக்கு நானும் ஒண்ணுதான், இந்தப் படியும் ஒண்ணுதான் சார்" என்றான். பல் போன இடத்தில் காற்று வந்தது. இவ்வளவு கணக்குத் தெரிந்தவர் இந்தப் பையனின் காலை எதில் சேர்த்தார் என்று எனக்கும் அன்று கோபம்தான். கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வைத்திருப்பார்.

தைப் பொங்கல் முடிந்ததும் அண்ணாச்சி பழைய படியை இடித்தார். கரிசல் முழுவதையும் தோண்டி எடுத்து, கீழே கெட்டியான சுக்கான் கல் தட்டுப்படும் வரை போய், மணல் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, தூண் எழுப்பிப் புதுப் படி கட்டினார். வேலை நடந்த நாட்களில் மரச்சாரம் வழியாக ஏறி இறங்கினோம். அந்த மாதம் அந்த அம்மா சாரத்தையும் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, முந்நூற்றைம்பது மட்டும் கொடுத்தார்.

புதுப் படி அடுத்த சித்திரையைத் தாண்டியது. மயிரிழைகூட விலகவில்லை. படிக்கு மேல் கம்பிக்கூண்டு போட்டுப் பல்பும் மாட்டியிருந்தார்கள். வைகாசியில் கணக்குப்பிள்ளை வந்து, மாடி வீடுகளுக்கு வாடகை இனி ஐந்நூறு என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டடமே கொதித்தது. இப்போது எங்களுக்குப் பழக்கம் வந்துவிட்டது. அண்ணாச்சியைப் படியில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள். ஒரு பைசா ஏற்றக் கூடாது என்று எல்லாருமாகத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் கூடிப் பேசினோம். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டுக்கு ஐம்பது என்றால் எட்டு வீட்டுக்கு மாதம் நானூறு. படி கட்டின செலவை நம்மிடமே வசூல் செய்து முடித்துவிட்டு, அதற்கு மேலும் காலமெல்லாம் வாங்கிக்கொண்டிருப்பார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எக்ஸ்சேஞ்ச் அம்மா முன்னால் நிற்கட்டும், நாம் பின்னால் நிற்போம் என்று முடிவாயிற்று. அந்த முடிவைச் சொல்ல நான் மேலே போனேன். முதல் மாடிக்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள்.

அந்த அம்மா காலையிலேயே போய் ஐந்நூறு கொடுத்துவிட்டு வந்திருந்தார். போணிக்குத்தான்.

"என்னம்மா இது! அவருக்குப் போயிப் பரிஞ்சுக்கிட்டு நிக்கியளே?" என்றார் முதல் மாடிக்காரர் ஒருவர். "உங்களை நம்பி நாங்க கீழ அத்தன பேரு..."

"பரிஞ்சுக்கிட்டு நிக்கல. இப்ப எதுல ஏறி வந்திய?"

"படியிலதான்."

"ஆடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க சொல்லுங்க. ஆடுச்சா?"

"இல்ல" என்றேன். "அதுக்காக, அவரு போட்ட துட்டை நாமளே..."

"ராத்திரி பல்பு எரியுதா?"

"எரியுது."

"இன்னைக்கு ஏறி வரயில எந்தச் சாமியையாவது கூப்பிட்டியளா?"

என் மனைவி எனக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டாள்.

"பொறவு என்ன சார்? அம்பது ரூவாயை எடுங்க."